மூன்று விரல் கிளவுஸ்: வாங்கியது பாதி, தைத்தது மீதி

இணையத்தில் 850 ரூபாய்க்கு வாங்கிய ஒரு தோல் கிளவுஸைப் பற்றியது இது. வில்லின் நாணை இழுக்கும் கையில், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றுக்கும் மட்டும் போடுவது. பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். பிரித்துத் தைத்த பிறகு நாலேகால். இடையில் ஏறிய ஒன்றேமுக்கால் எங்கிருந்து வந்தது என்பதுதான் வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். விற்பனைப் பக்கத்தில் 'பிரீமியம் லெதர்' என்று போட்டிருப்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பிளவுசும் பள்ளிச் சீருடையும்தான். வில் பழக்கம் அக்கா மகன் வழியாக வந்தது. குலசேகரம் பக்கம் அக்காவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. பால் வெட்டெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். வெட்டுக்காரர்கள் யாரும் தோட்டத்தில் இல்லை என்று பார்த்த பிறகு, ஆள் உயரத்துக்கு மேல் செம்மண் திட்டு இருக்கிற ஒரு மூலையில் மட்டும் எய்வோம். இலக்கு, என் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியை இறுக்கி அடைத்த சாக்கு. அம்பை நன்றாகப் பிடித்து நிறுத்தும், பிடுங்குவதும் எளிது. தையல்காரர் யாரையாவது தெரிந்து வைத்திருந்தால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

பார்சல் வந்த அன்று பக்கத்துக் கடை அக்கா, "வில்லா? எந்தக் கோயில் கொடைக்கு?" என்று கேட்டார். வில்லுப்பாட்டில் மணி கட்டி வீசுகோலால் அடிக்கும் வில்லைத்தானே எங்கள் மாவட்டத்தில் அதிகம் பார்த்திருக்கிறோம். இது வேறு வில். மரத்தில் செய்த ரிக்கர்வ், அதாவது இரண்டு முனையும் முன்பக்கம் வளைந்த வில். குறிபார்க்கும் கருவியோ மற்ற துணைக்கருவியோ எதுவும் கிடையாது. மேலே 30 பவுண்ட் என்று எழுதியிருக்கிறது. அந்த எண் 28 அங்குலம் இழுத்தால் வரும் எடைக்கானது. என் கைக்கு 26 அங்குலம்தான் வரும், அதனால் விரலில் விழுவது சுமார் 25, 26 பவுண்ட், அதாவது பதினொன்றரை கிலோ போல. கேட்பதற்குச் சின்ன எடைதான். ஆனால் அது முழுவதும் ஒரு மெல்லிய நாண் வழியாக மூன்று விரல் நுனியில் இறங்குகிறது. அதிலும் நடுவிரல்தான் பெரும்பங்கு சுமக்கும். வெறுங்கையோடு எய்துகொண்டே போனால் நுனி மரத்துவிடும், மறுநாள் ஊசியில் நூல் கோக்கவே வராது. என் பிழைப்பே விரல் நுனியில் இருப்பதால் இதில் சமரசம் இல்லை.

"சித்தி, விரல் பட்டை போதும், கிளவுஸ் எதுக்கு?" என்றான் அக்கா மகன். டேப் (tab) என்று சொல்லும் தட்டையான தோல் துண்டைத்தான் அவன் அப்படிச் சொல்கிறான். நடுவிரலில் மாட்டிக்கொண்டால் மூன்று விரலின் முன்னாலும் ஒரே பரப்பாக நிற்கும். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாண் ஒரே பரப்பில் வழுக்கிப் போவதால் விடுவது சுத்தமாக இருக்கும், விலையும் குறைவு. அவனுக்கு மூங்கில் வில்லில் 50 மீட்டரும் 30 மீட்டரும் எய்யும் இந்தியன் ரவுண்டுப் போட்டிமேல் கண். கோட்டில் நின்று ஒரே இடத்திலிருந்து எய்கிறவனுக்குப் பட்டைதான் சரி. நான் நடந்துகொண்டே எய்கிறவள். ஒரு மரத்தடியிலிருந்து ஒரு அம்பு, பத்தடி தள்ளி இன்னொன்று. இடையில் அம்பு பிடுங்க வேண்டும், புல்லைத் தள்ளித் தேட வேண்டும், கொசுவை அடிக்க வேண்டும். பட்டை அதற்குள் விரலில் சுற்றிக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும். கிளவுஸ் போட்ட இடத்தில் இருக்கும். எனக்கு அதுதான் காரணம்.

கடைக்கு வருகிறவர்கள் மேசையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "கட்டைவிரலுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பதும் உண்டு. ஏகலைவன் கதை யாரையும் விடுவதில்லை. கட்டைவிரலால் இழுக்கும் முறை வேறு. மங்கோலியர், துருக்கியர், கொரியர் எல்லாம் கட்டைவிரலில் வளையம் மாட்டி இழுப்பவர்கள், ஜப்பானில் அதற்கென்றே தடித்த கையுறை உண்டு. நான் பழகியது அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் வைத்து இழுக்கும் முறை. கட்டைவிரலுக்கு அதில் வேலை இல்லை, மடங்கிக் கிடந்தால் போதும்.

சரி, பொருளுக்கு வருவோம். மூன்று விரல் தொப்பிகள், அவற்றிலிருந்து புறங்கை வழியாக வரும் மூன்று பட்டைகள், மணிக்கட்டில் வெல்க்ரோ. உள்ளங்கை திறந்தே இருக்கும், நம் வெக்கைக்கு அது முக்கியம். முழுக்கை கிளவுஸ் போட்டு எய்து பாருங்கள், வேர்வையில் உள்ளே கை நீந்தும்.

அளவு எஸ் கேட்டேன், எஸ் வந்தது, ஆனால் அது யாருடைய எஸ் என்று தெரியவில்லை. அகலம் சரியாக இருந்தது, நீளம் கால் அங்குலம் கூடுதல். இதைச் சின்னக் குறை என்று விட்டுவிடாதீர்கள். விரல் நுனிக்கும் தோல் நுனிக்கும் நடுவில் காலியிடம் இருந்தால், நாண் நழுவிப் போகும் நேரத்தில் அந்த வெற்றுத் தோல் மடங்கி நாணைத் தடுக்கும். வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு பெரும்பாலும் இடப்பக்கம் ஒதுங்கும், அவரும் தன் குறியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார். நுனி தோலைத் தொட வேண்டும், அதே நேரத்தில் விரல் துடிக்கிற அளவுக்கு இறுக்கம் கூடாது. மற்றக் கையால் தொப்பியைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுக் கழன்று வர வேண்டும்.

நீளத்தைவிடப் பெரிய தொல்லை தையல். தொப்பியை உட்புறம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தோலைச் சேர்த்துத் தைத்த உள்மடிப்பு, விரல் நுனியின் சதைப்பக்கம் குறுக்காக ஓடுகிறது. நாண் அழுத்தும் இடத்துக்கு மிக அருகில். எந்தத் தையல்காரியும் குழந்தைச் சட்டையில் அக்குள் தையலை இப்படிப் புடைக்க விடமாட்டாள். தையல் இருக்க வேண்டிய இடம் நகத்துப் பக்கம், இல்லையென்றால் விரலின் வெளிப்பக்கவாட்டு. வாங்கும் முன் படத்தில் பார்க்க வேண்டியது இதுதான். உள்ளங்கைப் பக்கம் எடுத்த படமே போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அனுப்ப மறுக்கிறவர்களிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆனாலும் நான் திருப்பி அனுப்பவில்லை. காரணம், இது தைத்த கிளவுஸ். விலை கூடிய சில மாடல்களில் தொப்பியை அச்சில் வார்த்து, பசையால் ஒட்டியிருப்பார்கள். கைக்குப் பொருந்தினால் அருமை, பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தைத்ததைப் பிரிக்கலாம். தோலும் மோசமில்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் நார்நாராக இருந்தது, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கவில்லை. நடுவில் வெளிர் நீலச் சாம்பல் கோடு தெரிந்தது. குரோமில் பதனிட்ட தோல் என்பதற்கு அது அடையாளம். மெத்தென்று இருக்கும், வளையும், ஆனால் நாண் அழுத்தினால் சீக்கிரம் பள்ளம் விழும். மரப்பட்டைச் சாறு போன்றவற்றில் பதனிட்ட தோல் ஓரத்திலும் பழுப்பாகவே இருக்கும், விறைப்பாக நிற்கும். உள்ளே மெத்தென்ற தோல், நாண் படும் முகத்தில் விறைப்பான தோல் என்று இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல கிளவுஸ். இதில் முதல் பாதி மட்டும் இருந்தது.

பிரிக்கும் வேலை ஒரு ராத்திரி சீருடை ஆர்டர் முடிந்த பிறகு நடந்தது. சீம் ரிப்பரால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன். இதில் அவசரம் கூடாது, ஏனென்றால் துணியில் ஊசி போன துளை நாலு முறை துவைத்தால் மூடிக்கொள்ளும், தோலில் போட்ட துளை போட்டதுதான். அதனால் பிரித்த பிறகும் முடிந்தவரை பழைய துளைகளிலேயே தைக்க வேண்டும். புதுத் துளைகளைப் பழையவற்றின் நெருக்கத்தில் போட்டால் அந்த வரிசையிலேயே கிழியும். மெஷினில் ஏற்றாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். தோல் ஊசி போட்டாலும் மெஷின் நெருக்கமாகக் குத்தும், நுனியின் வளைவில் திரும்பவும் வராது.

நுனியில் கால் அங்குலம் வெட்டினேன். அங்கே மட்டும் புதுத் துளைகள் தவிர்க்க முடியாதவை, பழைய வரிசைதான் வெட்டோடு போய்விடுகிறதே. புதுத் தையல் நகத்துப் பக்கம் ஏறும்படி, சதைப்பக்கத் தோலை நுனிக்கு மேலாகக் கொஞ்சம் நீட்டி விட்டேன். உள்மடிப்பைப் பாதியாகக் குறைத்து, சுத்தியலின் வழவழப்பான பக்கத்தால் தட்டி அமுக்கினேன். நூல், குளச்சலில் வலை கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய நைலான் முறுக்குநூல். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிற வீடுகளில் தேன்மெழுகு எளிதாகக் கிடைக்கும், அதில் நூலை இரண்டு தடவை இழுத்து எடுத்தால் வழுக்காமல் நிற்கும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று போக வேண்டும். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்திலுள்ளதும் தளரும். இதில் ஒன்று தேய்ந்து அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். செருப்பு தைக்கிறவர்கள் கையில் பார்த்துக் கற்றுக்கொண்ட தையல் இது.

முகத்துக்கு விறைப்பான தோல் வேண்டுமே. வெளிநாட்டுக்காரர்கள் குதிரையின் பின்பகுதித் தோலான கார்டோவனைப் புகழ்கிறார்கள். அந்த விலைக்கு எனக்கு இன்னொரு வில்லே வந்துவிடும். என் வீட்டுக்காரரின் பழைய பெல்ட் ஒன்று, உண்மையான தடித்த மாட்டுத்தோல், பீரோவில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வடசேரியில் செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் போனேன். கிளவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதி ரெண்டு விரலும் என்ன பாவம் செஞ்சுது மக்கா?"

வேலையை விளக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெல்ட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவித் தந்தார். அவர் செய்த முக்கியமான காரியம் ஓரத்தைச் சீவியது. நான் வெட்டிக்கொடுத்த மூன்று துண்டின் விளிம்புகளையும் தாள் கனத்துக்கு இறக்கினார். அப்படிச் சீவாமல் ஒட்டினால் தோல்மேல் ஒரு படி நிற்கும், நாண் அந்தப் படியில் இடறும். "ஓரம் தெரியப்படாது, தடவுனா கை நிக்கப்படாது" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு விதி சொல்ல முடியாது. சொல்யூஷன் தடவி, இரண்டு பக்கமும் காயவிட்டு, பிறகு ஒட்டி அமுக்கினார். வழவழப்பான பக்கம் வெளியே, சொரசொரப்பான பக்கம் உள்ளே. மாற்றி ஒட்டிய கிளவுஸ்களும் விற்பனையில் இருக்கின்றன, மெல்லிய வெல்வெட் போலத் தொட நன்றாக இருக்கும், நாணைப் பிடித்து இழுக்கும்.

ஒட்டிய பிறகு முகத்தை ஈரத்துணியால் நனைத்து, கையில் மாட்டி, நாணில் விரல் கோக்கிற மாதிரி மடக்கி வைத்து உருவம் பதிய விட்டேன். பிறகு நிழலில் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததும் கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பக்கத்தால் நன்றாகத் தேய்த்தால் முகம் இறுகிப் பளபளக்கும். எய்ய எய்ய நாண் படும் இடத்தில் மெல்லிய தடம் விழும். அது நல்லதுதான், ஒவ்வொரு முறையும் விரல் ஒரே இடத்தில் போய் உட்காரும். தடம் ஆழமாகிப் பள்ளமாகத் தொடங்கினால் மறுபடி பாட்டில். பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி உள்ளே செருகினால் பள்ளமே விழாது என்று சிலர் சொல்வதுண்டு, அது உண்மைதான். ஆனால் நாண் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாமல் போகிறது. கனமான வில் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தலாம், 30 பவுண்டுக்கு வேண்டாம்.

இன்னும் இரண்டு திருத்தம் செய்தேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில்தான் அம்பின் வால், நாக் என்பது, இருக்கும். அந்த இரண்டு தொப்பியும் உட்பக்கம் தடித்திருந்தால் அம்பின் வாலை நெருக்கும், இழுக்கும்போதே அம்பு வில்லிலிருந்து எழும்பிக் கீழே விழும். குட்டையான வில்லில் நாண் விரலைக் கூர்மையாக மடக்குவதால் இந்த நெருக்கம் இன்னும் அதிகம். ஆகவே உட்பக்கத் தையலின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து இறக்கினேன், நடுவிரல் தொப்பியின் பக்கவாட்டில் அரிசி நீளத்துக்கு ஒரு தோல் மேடு ஒட்டினேன். விரல்கள் அந்த மேட்டில் முட்டி நிற்கும், அம்பின் வாலுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்தது புறங்கைப் பட்டை. கையை விரித்து வைத்து அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். விரலை மடக்கினால் புறங்கையின் நீளம் கூடும், முழங்கையை மடக்கும்போது இறுக்கமான ஜாக்கெட் கை பின்னால் இழுபடுவது போல. பட்டை நீளாது, அதனால் தொப்பி விரலிலிருந்து மேலே இழுபட்டு நுனி மறுபடி நெருங்கியது. மூன்று பட்டையிலும் நடுவில் அரை அங்குலம் வெட்டி, அந்த இடத்தில் அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். கடையில் கிடந்த பாவாடை எலாஸ்டிக்தான். மொத்தத் திருத்தத்திலும் மிகக் குறைந்த வேலை இது, பலன் உடனே தெரிந்தது. வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இனி மழை. எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. ரப்பர் தோட்டத்து ஈரத்தில் தோல் பொருளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் சில நாளில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். எய்து முடித்ததும் தொப்பிகளை உள்ளே துடைத்து, ஆணியில் காற்றாடத் தொங்கவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று அக்கா உட்பட எல்லாரும் சொல்வார்கள். இந்த ஊரில் எதற்கும் மருந்து அதுதானே. முகத்தோலில் தடவினால் அது தொளதொளத்துப் போகும், பெல்ட்டைச் சீவி ஒட்டிய பாடெல்லாம் வீண். தேன்மெழுகைக் கொஞ்சம் தேய்த்து, உள்ளங்கைச் சூட்டில் பரப்பினால் போதும். நாணுக்கும் அதே மெழுகுதான். வேர்வை அதிகமான நாளில் தொப்பிக்குள் சிட்டிகை முகப் பவுடர்.

வெல்க்ரோ பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை, புல்லும் தூசியும் சேர்ந்து பிடிப்பு போய்விடும். இருந்தாலும் முட்டம், குளச்சல் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் பிரஸ் பட்டன் வைத்த மாடலைவிட இதையே எடுக்கலாம். உப்புக்காற்றில் மட்டமான பட்டன் துரு ஏறி, திறக்கும்போது தோலோடு பிய்ந்து வரும். வெல்க்ரோ கெட்டால் எந்தத் தையல் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம், எங்கள் கடையிலும்தான்.

கணக்குப் போட்டால் கிளவுஸ் 850, அண்ணாச்சி கேட்டது 100, மற்றதெல்லாம் வீட்டிலும் கடையிலும் இருந்தவை. இப்போது விடும்போது நாண் விரலை உரசும் அந்தக் கரகரப்பு இல்லை, அம்புகள் சாக்கில் முன்பைவிட நெருங்கிக் குத்துகின்றன. தோல் கனம் மாறியதால் முதலில் எல்லாம் கொஞ்சம் வலப்பக்கம் போயின. அதைப் பார்த்து அம்பை மாற்றவோ நாக் இடத்தை நகர்த்தவோ கிளம்பிவிடாதீர்கள், முகம் பழகும்வரை பொறுங்கள். மரத்துப்போவது நின்றுவிட்டது. இத்தனை கனத்துக்குப் பிறகும் ஒருவருக்கு விரல் நுனி மரத்தே இருக்கிறதென்றால் கிளவுஸை மாற்றிப் பயனில்லை, குறைந்த பவுண்ட் வில்லுக்கு இறங்கி டாக்டரையும் பார்க்க வேண்டும்.

ஊசி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தக் கிளவுஸைச் சிபாரிசு செய்யமாட்டேன். அவர்கள் இன்னும் ஒரு மடங்கு காசு போட்டு, நகப்பக்கத் தையலும் முகத்தில் தனித்தோலும் வைத்து வருவதை எடுக்கட்டும், அல்லது அக்கா மகன் சொல்வது போல விரல் பட்டையோடு நிறுத்திக்கொள்ளட்டும். தைக்கத் தெரிந்தவர்கள், பக்கத்தில் நல்ல செருப்புத் தையல்காரர் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆர்டர் போடும்போது எஸ், எம் என்று மட்டும் சொல்லாமல் நடுவிரல் நுனியிலிருந்து அடிவரை நீளத்தையும், முதல் மடிப்பில் சுற்றளவையும் அளந்து அனுப்புங்கள். இடக்கையால் இழுப்பவர்களுக்குத் தனி மாடல் இல்லை என்று விற்கிறவர் கைவிரித்தால், மூன்று தொப்பியும் ஒரே அளவா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதையே இடக்கையில் போடலாம், மணிக்கட்டு வெல்க்ரோவை மட்டும் திசை மாற்றித் தைக்க வேண்டியிருக்கும்.